லேயில் ஏன் மூச்சு வாங்குகிறது?

மேல்தொட்டியில் தண்ணீர் இறங்கிவிட்டால் சமையலறைக் குழாய் நூலாக ஒழுகும். வருவது அதே தண்ணீர்தான். தள்ளிவிடும் வேகம்தான் போதவில்லை. லடாக்கின் லே நகரில், 3,500 மீட்டர் உயரத்தில், நம் நுரையீரல் நிற்பது அப்படி ஒரு குழாயடியில்தான்.

"மேலே ஆக்சிஜனே கிடையாது" என்பார்கள். அங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், மெரினாவில் இருப்பதுபோலவே. ஆனால் கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம் லேயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளுவது அந்த அழுத்தம்தானே!

சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின்தான் குடம். குழாயடியில் அது நிற்பது ஒரு நொடிக்கும் குறைவு. சும்மா உட்கார்ந்திருந்தால் ஓரளவு நிரம்பிவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாலோ, குடங்கள் அவசரமாக நகர்ந்து அரைகுறையாகவே கிளம்பும். மூச்சிரைப்பது அதனால்தான்.

உடல் முதலில் குழாயை அகலத் திறக்கிறது: மூச்சு கூடுகிறது. குடங்களை ஓடவும் விடுகிறது: நெஞ்சு படபடக்கிறது. ஆனால் அதிகம் மூச்சுவிட்டால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை ஏறும். உடனே மூளை "போதும், குறை" என்று கடிவாளம் போடும். ஆக்சிஜன் வேண்டுமென்று ஒரு கட்டளை, வேண்டாமென்று இன்னொன்று. இந்த இழுபறியில் தூக்கத்தில் சில நொடிகள் மூச்சு நின்று, பெருமூச்சோடு விழிப்பு வரும். வழக்கைத் தீர்ப்பது சிறுநீரகம். காரத்தை ஏற்றும் பைகார்பனேட்டைச் சிறுநீரில் கழித்துவிடும். அதற்குச் சில நாட்கள் ஆகும். அசெட்டசோலமைடு மாத்திரை செய்வதும் இதே வேலையைத்தான், கொஞ்சம் சீக்கிரமாக. மலைக்குப் போனதும் அடிக்கடி சிறுநீர் வருகிறதே என்று பதறவேண்டாம், நல்ல அறிகுறிதான்.

எல்லாருக்கும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. சிலருக்கு நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சீரில்லாமல் இறுகி, உள்ளே நீர் கசியும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நடை தள்ளாடினாலோ தாமதிக்காமல் கீழே இறங்கவேண்டும்.

வாரக்கணக்கில் தங்கினால் சிறுநீரகத்தின் எரித்ரோபாய்டின் ஹார்மோன் புதிய சிவப்பணுக்களை, அதாவது கூடுதல் குடங்களை, வரவழைக்கும். ஆண்டிஸ் மலைவாசிகள் பிழைப்பது பெரிதும் இந்த வழியில். குடங்கள் மிதமிஞ்சினால் ரத்தம் குழம்பாகிப் பாதை அடைத்துக்கொள்ளும். அங்கே சிலரை நாள்பட வாட்டும் மலைநோய் அதுதான். திபெத்தியரிடம் பரவலாக உள்ள ஒரு மரபணு மாற்றமோ ஹீமோகுளோபினை அவ்வளவு ஏறவிடுவதில்லை.