எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சையும் உடல் எடையும்

சங்கரன்கோவில் வட்டாரத்திலிருந்து சிகிச்சைக்கு வருவோரிடம் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: "மாத்திரை தொடங்கிய பின் உடல் பெருத்துவிட்டது, சில நாள்கள் நிறுத்திப் பார்க்கலாமா?" நிறுத்தக் கூடாது. அதற்கான காரணத்தை இங்கே விளக்குகிறோம்.

சிகிச்சைக்கு முன் எடை குறைவது ஏன்?

வைரஸை எதிர்த்து உடல் ஓயாமல் போராடுகிறது. இதனால், அறிகுறி ஏதும் இல்லாத நிலையிலும் உடலின் ஆற்றல் தேவை சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. காசநோய் போன்ற தொற்று சேர்ந்தால் இது 20 முதல் 30 விழுக்காடு வரை உயரலாம். பசியின்மையும் வயிற்றுப்போக்கும் உணவுச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. கொழுப்போடு தசையும் கரைகிறது.

சிகிச்சைக்குப் பின் கூடுவது ஏன்?

மருந்து வைரஸைக் கட்டுப்படுத்தியதும் அந்தக் கூடுதல் செலவு குறைகிறது, பசியும் திரும்புகிறது. தொடக்க மாதங்களில் கூடும் எடை பெரும்பாலும் உடல் தேறுவதன் அடையாளமே.

மருந்துக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை 1.4.2004 அன்று தொடங்கியபோது வழங்கப்பட்ட ஸ்டாவுடின், கன்னம், கை, கால்களில் உள்ள கொழுப்பைக் குறைத்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. இன்று பெரியவர்களில் பெரும்பாலோருக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை வழங்கப்படுகிறது. டோலுடெக்ராவிர் எடுப்போரிடம், குறிப்பாகப் பெண்களிடம், எடை சற்று அதிகமாகக் கூடுவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

எப்போது கவனம் தேவை?

இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீடு 23-ஐத் தாண்டினால் அதிக எடை. 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு இவை முறையே சுமார் 59 கிலோ, 64 கிலோ ஆகும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவைத் தாண்டக் கூடாது. வயிற்றில் சேரும் கொழுப்பு இன்சுலினின் செயல்பாட்டைத் தடுத்து, சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி வகுக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* மருந்து வாங்க வரும்போதெல்லாம் எடை பாருங்கள். இரத்தச் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.
* அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல் இருந்தால் உடனே தெரிவியுங்கள்.
* சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் எனில் அவசியம் சொல்லுங்கள். டோலுடெக்ராவிர் இரத்தத்தில் அதன் அளவைக் கூட்டும் என்பதால் மருத்துவர் அளவை மாற்றக்கூடும்.
* சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பு, பயறு, கீரை, காய்கறிகளைக் கூட்டுங்கள்.
* தினமும் 30 நிமிடம் வேகமாக நடங்கள். விசைத்தறி முன் நாள் முழுவதும் நிற்பது இதற்கு ஈடாகாது.

மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாத நிலையும் உருவாகலாம். அதன்பின் எடை குறைந்தால், உடலோடு நோய் எதிர்ப்பாற்றலும் கரைகிறது என்றே பொருள். சிகிச்சையில் இருக்கும்போதே காரணமின்றி எடை குறைந்தாலும் காசநோய்ப் பரிசோதனை தேவை.

ஐயம் இருப்பின் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். உங்கள் எச்.ஐ.வி. நிலையின் இரகசியத்தை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது.