மூலையில் தூண் இல்லாத மாளிகை

நியூயார்க்கு நகரத்தின் மன்காட்டன் பகுதியில் ஓரடி நிலம் கிடைப்பதும் அரிது. ஆகவே, அங்கு அலுவலகங்கள் வானை நோக்கியே வளர்ந்தன. அவற்றுள் ஒன்று, 1977ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற சிட்டிகார்ப் மாளிகை. அது 59 மாடிகளும் ஏறத்தாழ 279 மீட்டர் உயரமும் உடையது.

அம்மனையின் ஒரு மூலையில் பழைய கிறித்தவ ஆலயம் ஒன்று இருந்தது. சபையார் நிலத்தை விற்க இசைந்தனர். ஆயினும், அதே மூலையில் புதிய ஆலயம் கட்டித் தரவேண்டும், மாளிகையின் தூண் எதுவும் அதனூடே செல்லலாகாது என்று உறுதி கேட்டனர். மேசைக்குக்கூடக் கால்கள் மூலைகளில்தானே இருக்கின்றன! பொறியியல் வல்லுநரான வில்லியம் லெமெசூரியர், தூண்களை நான்கு பக்கங்களின் நடுவில் நிறுத்தினார். ஒவ்வொரு தூணும் ஒன்பது மாடி உயரம். மூலைகள் அந்தரத்தில் நிற்க, ஒரு மூலையின் கீழே ஆலயம் அமைந்தது.

மூலைகளின் பாரம் நடுத்தூணை அடைவது எங்ஙனம்? கவைக்கொம்பை நினைத்துப் பாருங்கள். இரு கிளைகளின் சுமையும் கவையில் கூடி அடிக்கொம்பில் இறங்குகிறதன்றோ? அவ்வாறே எட்டு மாடிக்கு ஒன்றாக எஃகுச் சட்டங்கள் கவைபோல் பொருத்தப்பெற்றன. இம்முறையால் எஃகின் செலவு குறைந்தது, கட்டடமும் இலேசாயிற்று. ஆனால், இலேசான கட்டடம் காற்றில் மிகுதியாக அசையும். அதனைத் தணிக்க, உச்சியில் 400 டன் எடையுள்ள கான்கிரீட்டுப் பாளம் ஒன்றை எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்க வைத்தனர். கட்டடம் ஒருபுறம் சாயுங்கால் பாளம் பின்தங்கி அதனை மறுபுறம் இழுக்கும். இக்கருவி மின்சாரத்தால் இயங்குவது.

1978ஆம் ஆண்டில், இத்தூண்களைப் பற்றி மாணவர் ஒருவர் வினவினார். அதனால் லெமெசூரியர் தம் கணக்கை மீண்டும் ஆராய்ந்தார். காற்று பக்கங்களில் நேராக மோதுவதையே அக்கால விதிகள் கருதின. மூலையில் மோதினால், சில சட்டங்களில் விசை நூற்றுக்கு 40 பங்கு மிகும் என்று அவர் கண்டார். பற்றவைத்து இணைக்கவேண்டிய மூட்டுகள், செலவைக் குறைக்கும் பொருட்டு மரையாணிகளால் இணைக்கப்பட்டிருந்ததையும் அறிந்தார். புயலில் மின்சாரம் நின்று பாளம் இயங்காமற்போனால், 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய காற்றே கட்டடத்தைச் சாய்த்துவிடும் என்பது அவர் கணிப்பு.

புகழுக்கு அஞ்சி வாளாவிருந்திருக்கலாம், அவர் அவ்வாறிருக்கவில்லை. தம் பிழையைத் தாமே உரிமையாளரிடம் எடுத்துரைத்தார். ஆகஸ்டு முதல் ஒவ்வோர் இரவும், அலுவலர் வீடு சென்றபின் தச்சர் சுவர்ப்பலகைகளைப் பெயர்த்தனர். பற்றவைப்போர் இரண்டங்குலக் கனமுள்ள எஃகுத் தகடுகளை மூட்டுகளின்மேல் பொருத்தினர். விடியுமுன் தளம் துப்புரவாக்கப்படும். செப்டம்பரில் அட்லாண்டிக் கடலில் ஒரு சூறாவளி எழுந்து நகரை அச்சுறுத்தியது. நல்வாய்ப்பாக அது கடலுக்கே திரும்பியது. அக்டோபரில் வேலை நிறைவெய்தியது.

அந்நாளில் நகரத்து நாளிதழ்களில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தமையால் செய்தி பரவவில்லை. 1995ஆம் ஆண்டில்தான் பொதுமக்கள் முழு வரலாற்றையும் அறிந்தனர். குற்றத்தை ஒப்புக்கொண்ட துணிவு பாராட்டத்தக்கது. அம்மாளிகையின் நிழலில் வாழ்ந்தோருக்கு 17 ஆண்டுகள் உரைக்காமல் மறைத்ததைப் பாராட்ட மனம் இசையவில்லை. மாளிகை இன்றும் நிற்கிறது. மூலையில் ஆலயமும் இருக்கிறது. எஃகுத் தகடுகள் சுவர்களுக்குள் மறைந்து கிடக்கின்றன.