அமாவாசைதோறும் ஏன் கிரகணம் வருவதில்லை?

மேட்டூரிலிருந்து பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்ஸில் அமாவாசையன்று நிற்க இடம் கிடைப்பது கஷ்டம். அந்தக் கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் இருப்பார்கள். சூரிய கிரகணம் எப்படி வருகிறது என்று கேளுங்கள். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே நிலா வருகிறது என்று மணிமணியாகச் சொல்வார்கள். அமாவாசைதோறும் நிலா அந்தப் பக்கம்தானே இருக்கிறது, மாதாமாதம் ஏன் கிரகணம் இல்லை? இங்கே பதில் நின்றுவிடும்.

பாடப்புத்தகப் படத்துக்கும் இதில் பங்குண்டு. தட்டையான தாளில் மூன்று வட்டங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றன. உண்மையில் நிலாவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்திலிருந்து சுமார் 5 பாகை சாய்ந்தது. நம் கண்ணுக்குச் சூரியனின் அகலமோ அரைப் பாகைதான். ஆகவே பெரும்பாலான அமாவாசைகளில் நிலா சூரியனுக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடுகிறது.

இனி, படித்தவர்களும் நம்பும் விஷயத்துக்கு வருவோம்: கிரகண நேரத்தில் கெட்ட கதிர் வருகிறதாம். அதனால்தான் சாப்பாட்டில் தர்ப்பை, கர்ப்பிணிக்கு இருட்டறை. யோசித்துப் பார்ப்போம். ஜன்னலுக்குப் பாதித் திரை போட்டால் உள்ளே வரும் வெயில் குறையும். புதிதாக ஒரு வெயில் பிறக்காது. நிலா செய்வதும் அவ்வளவுதான்.

அப்படியானால் வெறும் கண்ணால் பார்க்காதே என்கிறார்களே? அது நியாயமான எச்சரிக்கை. மற்ற நாளில் கூச்சம் தாங்காமல் நாமே முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கிரகணத்தன்று வேடிக்கை பார்க்கும் ஆசையில் உற்றுப் பார்ப்போம். மறையாமல் மிஞ்சிய கீற்று வழக்கமான உக்கிரத்தோடுதான் எரிகிறது. கண்ணின் உட்திரையான விழித்திரைக்கு வலி தெரியாது; வெந்த பிறகுதான் பார்வை மங்கும். ஆபத்து உற்றுப் பார்ப்பதில்தான். சோற்றுப் பானைக்கோ வயிற்றுப் பிள்ளைக்கோ ஒன்றும் ஆகாது.

கிரகணம் பற்றிய மூடநம்பிக்கை வீட்டுக்குள் முடங்குவதோடு நிற்பதுமில்லை. 2019 டிசம்பர் 26 அன்று கோவையில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. அதே நாளில் வட கர்நாடகத்தில், கலபுரகி அருகே தாஜ்சுல்தான்பூரில், ஊனம் குணமாகும் என்று நம்பிக் குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தார்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தில் 1976-லேயே சேர்த்தாகிவிட்டது. ஆனால் மனப்பாடம் செய்த விடை மார்க் மட்டும்தான் வாங்கித் தரும். பாட்டியின் பயத்தோடு சண்டை போடாது. சண்டை போட, பிள்ளை தானே பார்த்திருக்க வேண்டும்.

2027 ஆகஸ்ட் 2, ஆடி அமாவாசை. அன்று மாலை தென்னிந்தியாவில் பகுதி கிரகணம் தெரியும். ஆசிரியர்களே, ஓர் அட்டையில் ஊசித்துளை போட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே தரையில் விழும் சூரிய பிம்பத்தைப் பார்க்கட்டும். அன்றைக்கு வீட்டில் சமைத்ததைச் சாப்பிடவும் சொல்லுங்கள்.