பக்கவாதமும் பல மொழிப் பேச்சும்

நான் மருத்துவன் அல்லன். பொறியியல் டிப்ளமா முடித்து, ரயில்வே சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இருந்தும் இதை எழுதக் காரணம் என் மைத்துனர்.

சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மருத்துவமனையில் தெலுங்கிலும் இந்தியிலும் கேட்டார்கள், பதில் இல்லை. 'பேச்சு இல்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார்கள். மறுநாள் என் தங்கை, "தண்ணி வேணுமாங்க?" என்றாள். "வேணாம்" என்றார் தெளிவாக! 40 ஆண்டுகள் செகந்திராபாத்தில் தெலுங்கு பேசியே வேலை பார்த்த மனிதருக்கு அன்று மிஞ்சியிருந்தது தமிழ்தான்.

இது எப்படி என்று தேடிப் படித்தேன். மூளையின் இடப்பக்க முன்பகுதியில் ஓரிடம் கெட்டால் பேச்சு போகும் என்பதை 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். பெரும்பாலானவர்களுக்கு மொழி இடப்பக்க மூளையில்தான். இடப்பக்க மூளை உடலின் வலப்பக்கத்தை இயக்குவதால், வலது கையும் பேச்சும் சேர்ந்தே விழுகின்றன. பல மொழி அறிந்தவருக்கு எல்லா மொழியும் ஒரே அளவில் போவதில்லை. சிலருக்குத் தாய்மொழி முதலில் திரும்பும். சிலருக்கு நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழி திரும்பும்.

இத்துறையில் நம் நாட்டில் பெயர் பெற்றவர் நரம்பியல் நிபுணர் டாக்டர் சுவர்ணா அல்லாடி. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தில் பணியாற்றியவர்; பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸில் பேராசிரியரானார்.

இருமொழி பேசுவோருக்கு மறதி நோய் சுமார் 4 ஆண்டுகள் தாமதித்து வருகிறது என்று கனடாவில் எல்லன் பியாலிஸ்டாக் குழுவினர் 2007-இல் எழுதினார்கள். ஆனால் அங்கே இருமொழி பேசுவோரில் பலர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். காரணம் மொழியா, குடியேற்றமா என்ற சந்தேகம் எழுந்தது. ஹைதராபாத்தில் அந்தச் சிக்கல் இல்லை. பிறந்த ஊரிலேயே தெலுங்கும் உருதுவும் இந்தியும் பேசுகிறவர்கள் ஏராளம். டாக்டர் அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவு: இருமொழியாளருக்கு நோய் நாலரை ஆண்டுகள் தாமதம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இதே பலன் தெரிந்தது.

அடுத்து, பக்கவாதம் வந்த 608 பேரை ஆராய்ந்தார்கள். நோய்க்குப் பின் நினைவும் சிந்தனையும் பழுதின்றி இருந்தவர்கள் இருமொழியாளரில் 40.5 சதவீதம், ஒரு மொழி மட்டும் பேசியோரில் 19.6 சதவீதம். வயது, புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் வித்தியாசம் நின்றது. மொழிக்கு மொழி மாறி மாறிப் பேசுவது மூளைக்கு ஓயாத பயிற்சி. அதனால் ஒரு சேமிப்பு உண்டாகிறது என்று கருதுகிறார்கள். என் பாஷையில் சொன்னால், மெயின் லைன் அடைபட்டாலும் வண்டியை விட ஒரு லூப் லைன்.

ஒன்றை மறக்கக் கூடாது. பேச்சிழப்பு மட்டும் இரு சாராருக்கும் ஏறக்குறைய சமமாகவே வந்தது. மொழிகள் தெரிவதால் பக்கவாதமே வராது என்றும் இல்லை. வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், 'காலையில் பார்க்கலாம்' என்று படுக்க வைக்காதீர்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

போகும்போது நோயாளிக்கு என்னென்ன மொழி தெரியும், வீட்டில் எது, வேலையில் எது என்று எழுதிக் கொடுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடமும் இதையே சொல்லுங்கள். மைத்துனருக்குத் தமிழில் தொடங்கிய பயிற்சி ஆறு மாதத்தில் தெலுங்கையும் ஓரளவு மீட்டுத் தந்தது. கடைக்காரரோடு இப்போது பேரம் பேசுகிறார்.

"வெளியூரில் பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்கு?" என்று கேட்கும் அன்பர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் தானே வரும். வீட்டில் தமிழ் பேசுங்கள். என்றோ ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் நம்மைத் தமிழில் கூப்பிட, பேரப் பிள்ளைக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டாமா?