ஊர்ச் சேதி சொல்லாத பண்பலை

கைபேசி வந்தது, தனியார் பண்பலை தேய்ந்தது என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறோம். பாட்டைப் பொறுத்தவரை அது சரிதான். நினைத்த பாட்டை நினைத்தபோது கேட்க முடிகிறவர் அறிவிப்பாளருக்காகக் காத்திருக்க மாட்டார். ஆனால் இந்த நிலையங்களிடம் பாட்டைத் தவிர வேறு சரக்கே இல்லாமல் போனது ஏன்? விடை அரசின் விதியில் இருக்கிறது. வானிலை, போக்குவரத்து, திருவிழா பற்றியெல்லாம் தனியார் பண்பலை பேசலாம். சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான்.

இந்த விதியின் விலை தேனி மாவட்டத்து மயிலாடும்பாறை போன்ற ஊரில்தான் தெரியும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, வருசநாட்டு மலையடிவார விவசாயிகளுக்கு நிலமும் குடியிருப்பும் என்னாகும் என்பதே பெருங்கவலை. அதைச் செய்தியாகச் சொல்ல எந்தத் தனியார் பண்பலைக்கும் உரிமையில்லை. உரிமமும் நகரக் கணக்கில்தான். சூரியன், மிர்ச்சி, ஹலோ எல்லாம் மதுரையில் இருக்கின்றன. பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது, மலை மறித்தால் தேய்ந்துவிடும். அரசின் கோடைப் பண்பலை மலையுச்சியிலிருந்து ஒலிபரப்புவதால்தான் பல மாவட்டங்களை எட்டுகிறது.

சிற்றூர்ப் பக்கம் விளம்பரம் கிடைக்காது, நிலையம் எப்படிப் பிழைக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் செலவை ஏற்றியதில் அரசுக்கும் பங்குண்டு. தனியார் பண்பலைக்கான மூன்றாம் கட்டக் கொள்கைப்படி ஆண்டுக் கட்டணம் வருவாயில் 4 சதவீதம், அல்லது நுழைவுக் கட்டணத்தில் 2.5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. வியாபாரம் படுத்தாலும் கட்டணம் ஓரளவுக்குக் கீழே இறங்காது. 2024இல் 234 புதிய நகரங்களுக்கு வருவாயில் 4 சதவீதம் மட்டும் போதும் என்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. திண்டுக்கல்லும் ராஜபாளையமும் அந்தப் பட்டியலில் உண்டு.

உள்ளூர்ச் செய்தியை அனுமதித்தால் வதந்தியும் சாதிப் பகையும் காற்றில் பரவும் என்பது இன்னொரு அச்சம். அவை வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பரவுகின்றன. அங்கே பதில் சொல்ல ஆளில்லை. உரிமம் பெற்ற நிலையத்துக்கு முகவரி உண்டு, தவறினால் உரிமம் பறிபோகும். மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு இடம் தரலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் பரிந்துரைத்ததும் நிபந்தனைகளோடுதான். கட்டணத்தை மட்டும் குறைத்துத் தடையை விட்டுவைத்தால், கைபேசியில் கிடைக்கும் அதே பாட்டை இன்னும் பல ஊர்களில் ஒலிக்கவிடுவோம். அந்தப் போட்டியில் வானொலி ஏற்கெனவே தோற்றுவிட்டது.