ஒரு மிக்ஸி அளவு பவரில் ஒன்றரை டன் டிரெய்லர் நகருமா? கழற்றிவிட்ட வண்டியை ஓட்டும் மோட்டாரின் கதை

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் பண்ருட்டி – கடலூர் சாலையில் டிராக்டருக்குப் பின்னால்தான் ஊர்ந்து போக வேண்டும். ஹாரன் அடித்துப் பிரயோஜனம் இல்லை. மேல்பட்டாம்பாக்கத்தைத் தாண்டி நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போகிற வண்டிகள் அவை. இழுத்துச் செல்லும் டிராக்டரை எல்லோரும் பார்க்கிறோம். பின்னால் வரும் டிரெய்லரைக் கழற்றிவிட்ட பிறகு அது என்ன பாடு படுத்தும் என்பது, அதை நகர்த்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கழற்றிவிட்ட டிரெய்லருக்குச் சக்கரம் உண்டு. இன்ஜின் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. பல விவசாய டிரெய்லர்களில் தனியாக பிரேக்கும் இருக்காது. சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். அதை நாலு அடி தள்ளி நிறுத்த வேண்டும் என்றால் ஒன்று, நாலு பேரைக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் டிராக்டரைத் திரும்பக் கொண்டுவந்து மாட்ட வேண்டும்.

இந்த மாட்டுகிற வேலைதான் ஆபத்து. டிராக்டர் ரிவர்ஸில் வரும். டிரெய்லரின் முன்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடுவில் நிற்பார். "வா அண்ணே, வா வா... இன்னும் கொஞ்சம்... நிறுத்து, நிறுத்து!" டிரைவரின் கால் கிளட்ச்சிலிருந்து ஒரு நொடி வழுக்கினால் போதும். நடுவில் நிற்பவருக்கு ஒதுங்க இடம் இருக்காது. டிராக்டர் சத்தத்தில் அவர் கத்துவது டிரைவருக்குக் கேட்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இதே சிக்கலை வேறு ஒரு கோணத்தில் சந்தித்தவர்கள் ஐரோப்பியர்கள். அவர்கள் கண்டுபிடித்த தீர்வு ரொம்பச் சின்னது. இரண்டு மோட்டார், ஒரு பேட்டரி, ஒரு ரிமோட். அவ்வளவுதான்.

நம்ம கேரவன் வேறு, அவங்க கேரவன் வேறு

நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்த பிறகு, தங்கிப் பயணிக்கும் வேன் என்ற அர்த்தமும் நமக்குப் பழகிவிட்டது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கேரவன் என்றால் பெரும்பாலும் இன்ஜின் இல்லாத வண்டிதான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் ஒரு குட்டி வீடு. படுக்கை, சமையலறை எல்லாம் சேர்த்து ஒன்றரை டன் வரும்.

லீவு முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதை வாசலில் ஒரு குறுகலான இடத்தில் நிறுத்த வேண்டும். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஸ்டியரிங்கை இடதுபுறம் ஒடித்தால் டிரெய்லர் வலதுபுறம் போகும். சரிசெய்கிறேன் என்று இன்னும் ஒடித்தால் காரும் டிரெய்லரும் பேனாக் கத்தி மாதிரி மடங்கிக்கொள்ளும். காரைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளலாம் என்றால், வயதான தம்பதியால் அது முடியாது. அங்கே கேரவன் வைத்திருப்பவர்களில் ஓய்வு பெற்றவர்கள் நிறைய.

இதற்காக வந்ததுதான் 'மூவர்'. ஜெர்மனியின் ட்ரூமா, ஆல்கோ போன்ற நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. விலை ஆயிரம் யூரோவைத் தாண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

கேரவனின் அடிச்சட்டத்தில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒரு அலுமினிய உருளை. அதோடு சேர்ந்து ஒரு 12 வோல்ட் டிசி மோட்டார், ஒரு கியர்பாக்ஸ். சாலையில் போகும்போது உருளை டயரைத் தொடாமல் விலகி நிற்கும். வண்டியைக் கழற்றிய பிறகு, உருளையை டயர்மேல் அழுத்தினால் உருளை சுற்ற டயரும் சுற்றும். பழைய சைக்கிள்களில் டயரில் உரசும் டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே டயர் டைனமோவைச் சுற்றியது. இங்கே மோட்டார் டயரைச் சுற்றுகிறது.

ஸ்டியரிங் இல்லாமல் எப்படித் திரும்பும்? இரண்டு மோட்டாரும் தனித்தனி. வலது மோட்டாரை மட்டும் முன்னால் ஓட்டினால் வண்டி இடதுபுறம் திரும்பும். ஒன்றை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் ஓட்டினால் நின்ற இடத்திலேயே சுழலும். ஜேசிபி மாதிரியான செயின் வண்டிகள் திரும்பும் அதே முறை. ஒரே அச்சு உள்ள வண்டியில் இது அழகாக வேலை செய்யும். முன்கம்பிக்குக் கீழே இருக்கும் சின்னச் சக்கரம் பின்பாட்டு மாதிரி கூடவே உருண்டு வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒன்றரை டன் வண்டியைச் சமமான சிமெண்ட் தரையில் உருட்டத் தேவைப்படும் விசை, ஏறக்குறைய 20 - 25 கிலோ எடையைத் தூக்குவதற்கான விசைதான். அதனால்தான் சமதளத்தில் ஒரு ஆளே தள்ளினாலும் வண்டி நகர்கிறது. சிக்கல் சரிவில் இருக்கிறது. 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றம் என்றால், இன்னும் 150 கிலோ சேர்ந்துகொள்ளும். மனிதர் தள்ள முடியாது. கொஞ்சம் கை நழுவினால் வண்டி அவரைத் தள்ளும்.

இப்போது மூவரின் வேகத்தைப் பாருங்கள்: விநாடிக்கு சுமார் 15 சென்டிமீட்டர். நத்தையைவிட வேகம், நடக்கிற மனிதரைவிட ரொம்ப மெதுவு. இந்த வேகத்தில் அந்த ஏற்றத்தில் ஏறத் தேவையான திறன் சுமார் 250 வாட். கியரிலும் உருளையிலும் பாதி வீணாகிறது என்று வைத்தாலும் 500 வாட். உங்கள் வீட்டு மிக்ஸியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், 500 அல்லது 750 என்றுதான் இருக்கும்.

அதாவது, சட்னி அரைக்கிற பவரில் ஒரு வீட்டையே மேடேற்றலாம். வேகத்தை விட்டுக்கொடுத்தால் போதும்.

அந்த விட்டுக்கொடுத்தலைச் செய்வது கியர்பாக்ஸ். உருளையின் விட்டம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது நிமிடத்துக்குச் சுமார் 48 முறை சுற்றினாலே அந்த வேகம் கிடைத்துவிடும். மோட்டாரோ நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று சுற்றக்கூடியது. 4,800 சுற்றை 48-ஆகக் குறைத்தால் வேகம் நூறில் ஒரு பங்காகும், திருகும் விசை ஏறக்குறைய நூறு மடங்காகும். பேட்டரியும் பெரிதாக வேண்டாம். 500 வாட் என்பது 12 வோல்ட்டில் 42 ஆம்பியர். ஐந்து நிமிடம் தொடர்ந்து ஓட்டினாலும் 3.5 ஆம்பியர்-மணிதான் செலவு. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் பேட்டரி 150 ஆம்பியர்-மணி.

நெய்வேலியில் இருக்கும் பெரியண்ணன்

'மெதுவாகப் போ, பலமாகத் தள்ளு' என்கிற இந்த வித்தை கடலூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. பக்கத்து நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வாரும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடுபவை. பெரிய ரகத்தின் ஒரு வாளியே 1,400 லிட்டர் பிடிக்கும். நம் தெருவில் நிற்கும் சின்டெக்ஸ் டேங்கைவிடப் பெரிய வாளி. அந்த இயந்திரம் செயின் சக்கரங்களில் நகர்வதும் இதே மின் மோட்டார், கியர் சேர்க்கையில்தான்.

இந்தக் குடும்பத்தில் உலகப் புகழ் பெற்றது ஜெர்மனியின் 'பாகர் 288'. எடை சுமார் 13,500 டன். 2001-ல் ஒரு சுரங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு 22 கிலோமீட்டர் தூரத்தைத் தானே ஊர்ந்து கடந்தது. எடுத்துக்கொண்ட நேரம், சுமார் மூன்று வாரம்.

முட்டுக்கட்டை சொல்லும் பாடம்

நகர்த்துவதில் பாதிப் பிரச்சினைதான் தீர்கிறது. மீதிப் பாதி, நிறுத்துவது. தேர் இழுக்கிற ஊர்க்காரர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. பண்ருட்டியை ஒட்டியிருக்கும் திருவதிகை, திரிபுரம் எரிக்கச் சிவபெருமான் தேரேறிய கதை சொல்லப்படும் தலம். தேரை வடம் பிடித்து இழுப்பது ஊர். ஆனால் அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடும் சில பேர். ஓடுகிற சக்கரத்துக்கு மிக அருகில் நிற்பவர்கள் அவர்கள்தான். சுமார் 300 டன் எடையுள்ள திருவாரூர் ஆழித்தேரில் இன்று பின்னாலிருந்து தள்ள புல்டோசர்கள் வந்துவிட்டன; திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டது. ஆனாலும் முட்டுக்கட்டை ஓயவில்லை.

மூவரிலும் அப்படித்தான். பட்டனை விட்டால் மோட்டார் நின்றுவிடும், உருளை டயரைப் பிடித்துக்கொள்ளும். அதை நம்பி அப்படியே விட்டுப் போகக் கூடாது. கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் உருளையை விலக்க வேண்டும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது சொகுசு அல்ல. ரிமோட்டைப் பிடித்திருப்பவர் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்க வேண்டியதில்லை. ஆறடி தள்ளி, பக்கவாட்டில் நிற்கலாம். காரையோ டிராக்டரையோ நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, டிரெய்லரை அதை நோக்கிச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகக் கொண்டுவரலாம். நடுவில் யாரும் இல்லை.

அப்போ கரும்பு டிரெய்லரில் மாட்டிவிடலாமா?

அப்படியே தூக்கி மாட்ட முடியாது. 10 டன் கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஈர மண்ணில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகர்த்த ஒரு டன் விசை தேவைப்படலாம். அதே ஆமை வேகத்தில் இதற்கான திறன் ஏறக்குறைய 1.5 கிலோவாட், அதாவது 2 குதிரைத்திறன். கிணற்று மோட்டாரைவிடக் குறைவு. பவர் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை பிடிமானம். சேறு படிந்த டயர்மேல் அலுமினிய உருளை வழுக்கும். வழுக்காமல் இருக்க அழுத்தினால் டயர் நசுங்கும். ஆகவே ஏற்றிய விவசாய டிரெய்லருக்கு உருளை முறை ஒத்துவராது. காலி டிரெய்லரைக் களத்து மேட்டில் திருப்பி வைக்க வேண்டுமானால் சரி.

கனமான வண்டிக்கு இரண்டு வழி. ஒன்று, பேட்டரியில் ஓடும் குட்டி இழுவை வண்டி. தொழிற்சாலைகளில் டிராலி இழுக்க இப்படிப்பட்டவை ஓடுகின்றன. அது டிரெய்லரின் முன்கம்பியைத் தன்மேல் தூக்கி வைத்துக்கொள்ளும். ஏன் தெரியுமா? தானே 500 கிலோ உள்ள வண்டியால் ஒரு டன் விசையோடு இழுக்க முடியாது, சக்கரம் சும்மா சுற்றும். டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கைத் தன் சக்கரத்துக்கு வாங்கிக்கொண்டால் தரையில் பிடிமானம் கிடைக்கும்.

இன்னொன்று, டிரெய்லரின் அச்சிலேயே மோட்டாரை வைப்பது. அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் 2022-ல் காட்டிய 'இ-ஸ்ட்ரீம்' மாதிரி வண்டியில் இதுதான் இருந்தது. சாலையில் போகும்போது இழுக்கும் காருக்குத் தோள் கொடுக்கும், நிறுத்தும்போது மொபைல் ஆப்பிலேயே நகர்த்தலாம். விலையை நினைத்தால் கரும்பு விவசாயிக்கு இப்போதைக்கு எட்டாக் கனி.

இந்தியாவில் நகர்வு டிராக்டர் பக்கம்தான் இருக்கிறது. துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2023 ஆகஸ்ட்டில் அறிமுகப்படுத்திய 'பிரைமா ஈடி11' மின் டிராக்டர், 1.8 டன் டிரெய்லரை இழுக்கும். மின் மோட்டாரில் கிளட்ச் இல்லாமலே வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்த முடியும் என்பது ரிவர்ஸில் டிரெய்லர் மாட்டும்போது பெரிய நிம்மதி. ஆனால் டிரெய்லரின் பக்கம் யாரும் அவ்வளவாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

மோட்டார் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு பகுதி இதில் உண்டு. மூவர் பொருத்திய கேரவனின் முன்கம்பிக்குக் கீழே உள்ள அந்தச் சின்னச் சக்கரத்தில் ஒரு திருகு இருக்கும். அதைச் சுற்றினால் கம்பி ஏறும், இறங்கும். நம் டிரெய்லர்களில் ஒருவர் நடுவில் நின்று முன்கம்பியைத் தூக்கிப் பிடிப்பதே, அதன் உயரம் டிராக்டர் கொக்கிக்குப் பொருந்தாததால்தான். ஒரு திருகு ஜாக்கியை முன்கம்பியோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டால், டிராக்டர் வருவதற்கு முன்பே உயரத்தைச் சரிசெய்துவிட்டு ஒதுங்கிவிடலாம். டிராக்டர் வந்து நின்று, இன்ஜின் அணைந்த பிறகு உள்ளே போய்ப் பின்னைப் போட்டால் போதும். இந்த வேலைக்கு ஜெர்மனி வரை போக வேண்டாம், பண்ருட்டியில் ஒரு லேத் பட்டறை போதும். ஜாக்கியை வைக்கும்போது காலி வண்டியை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு சக்கர டிரெய்லரில் சரக்கு முன்பக்கம் கூடினால் கம்பியின்மேல் வரும் பாரமும் கூடும். அதைத் தாங்குகிற ஜாக்கியாகப் பார்த்து வாங்குங்கள்.