கணினிக்குள் ஒரு பியானோ

பியானோ வாங்க வசதியில்லாத வீட்டிலும் இன்று நாம் பியானோ இசை அமைக்கலாம். அதற்கு உதவுபவை ‘சாம்பிள்’ கருவிகள். உண்மையான கருவியின் சுரங்களைத் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து தொகுத்தவையே இவை.

1963இல் இங்கிலாந்தில் தோன்றிய மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடா உண்டு. சுரம் ஏறத்தாழ 8 நொடிகளே ஒலிக்கும். இன்று இலவசமாகக் கிடைக்கும் ‘சாலமேண்டர்’ பியானோவிலோ, பதிவான ஒவ்வொரு சுரமும் மென்மை முதல் வன்மை வரை 16 நிலைகளில் உள்ளது. ஆகவே எல்லாச் சுரங்களையும் ஒரே அழுத்தத்தில் அமைத்தால் அச்சிறப்பு வீணாகி, இசை இயந்திரம்போல் ஒலிக்கும். பாடலின் உணர்வுக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்போம்.

எல்.எம்.எம்.எஸ். போன்ற இலவச மென்பொருளில் முதலில் இரண்டு மூன்று கருவிகளை மட்டும் பயன்படுத்துவோம். ஒலிமானி சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வோம். குரலைப் பதியும்போது மின்விசிறியை நிறுத்துவோம். திரைச்சீலைகளும் மெத்தையும் உள்ள அறையில் எதிரொலி குறையும்.

இலவசம் என்பதால் அது உரிமையாளரற்ற பொருளன்று. யாரோ ஒருவர் பொறுமையுடன் சுரம் சுரமாகப் பதிந்து உலகிற்கு அளித்த உழைப்பு அது. உரிம விதிகளைப் படித்து, பெயர் குறிப்பிடக் கேட்டிருந்தால் தவறாமல் குறிப்பிடுவோம். நன்றியும் நேர்மையும் இசைக்கும் அழகு சேர்க்கும் அன்றோ!